துடைத்த பிறகும் இருந்த புள்ளிகள்

படத்தில் எதையோ பார்த்துவிட்டோம். அந்தப் பெண் இன்னும் இயந்திரத்தின் பக்கத்தில், தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் முன்பு போலவே பேசிக்கொண்டிருக்க வேண்டுமா, பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு தனியார் எக்ஸ்ரே நிலையத்தில் பத்து வருடத்துக்கும் மேல் மார்பகப் படம் எடுத்தவள் நான். இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

என்னை ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வயது முப்பத்தெட்டுதான். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டேன். மகள் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், மகனுக்கு மூன்று வயது. என் இடத்துக்கு வந்த தர்ஷினி வாட்ஸப்பில் என்னை “பென்ஷன் அக்கா” என்றுதான் கூப்பிடுவாள். எழுதச் சொன்னதும் அவள்தான்.

“அக்கா, இப்பல்லாம் ரிசல்ட் நேரா பேஷன்ட் போனுக்கே போயிடுது. அவங்க டாக்டர் வெளக்கிச் சொல்றதுக்கு முன்னாலயே பாத்துட்டு எங்களுக்குக் கால் பண்றாங்க. ஒரு ஆன்ட்டி, சைபர்னு போட்டிருக்கு, அப்ப ஒன்னும் இல்லதானேன்னு கேக்குறாங்க. கோயில்ல தேங்காய் வேற ஒடச்சிட்டாங்களாம்லா! நாங்க என்ன சொல்றது? நீங்க பாத்ததெல்லாம் எழுதுங்களேன்.”

ரிப்போர்ட்டின் கடைசியில் வகை என்று ஓர் எண் போடுவார்கள். அதில் சைபர் என்றால் ஒன்றும் இல்லை என்று பொருள் இல்லை. இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னொரு படமோ ஸ்கேனோ வேண்டும், அல்லது பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று பொருள். ஒன்று என்றால் எதுவும் தென்படவில்லை. இரண்டு என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் ஆபத்தில்லாதது. நான்குக்கும் ஐந்துக்கும் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நான்கு வந்த எல்லோருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. நடுவில் மூன்று. பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான், இருந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்பது மூன்று.

போன மாதம் என் போனுக்கு வந்தது மூன்று.

இடது பக்கம் கையில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. கிளினிக் டாக்டர் படமும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். பழகிய இடம் என்று என் பழைய நிலையத்துக்கே போனேன். அங்கே படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுபவர், நான் வேலை செய்த காலத்தில் இருந்த அதே டாக்டர். படம் எடுத்தது தர்ஷினி. ஆறு மாதம் காத்திருப்பதா, படத்தின் பிரதியை வாங்கி இன்னொரு டாக்டரிடம் காட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பேருக்கு வழி சொன்னவள்தான். தர்ஷினிக்காக எழுத உட்கார்ந்தபோது, இதையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும் என்று பட்டது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுங்காய் பக்கம் தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவுக்கு அப்போது ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை, பிறகு எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில். டிப்ளோமா முடித்து ஈப்போவுக்கு வந்தேன். வேலையைக் கற்றது ரோசலின் அக்காவிடம். சித்தியவான் ஊர்க்காரர், எங்கள் பிரிவுக்குத் தலைவி.

ரோசலின் அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்டுவதையும் மெதுவாகத்தான் திட்டுவார், அதனால் இன்னும் வலிக்கும். புதிதாக வருகிற பெண்களை முதல் நாள் இயந்திரத்தின் முன் நிறுத்தி, இரண்டு தட்டுக்கும் நடுவில் அவர்கள் கையையே வைக்கச் சொல்லி அழுத்துவார். “வலிக்குதா? இத விட மெதுவான எடத்த வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள நிக்கிறா. அத நெனச்சுக்கிட்டு பட்டன அழுத்து” என்பார். தாலியைக் கழற்றச் சொல்லக் கூடாது, முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு ஒரு டேப் ஒட்ட வேண்டும். தட்டு குளிர்ந்திருக்கும் என்று தொடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். மூச்சை நிறுத்தச் சொன்னால் மறக்காமல் விடச் சொல்ல வேண்டும். ஒரு தடவை நான் மறந்துவிட்டேன். அந்த அம்மா முகம் சிவக்க நின்றுகொண்டே இருந்தார்.

“ஒன்னும் இல்ல” என்ற சொல்லுக்கு எங்கள் அறையில் தடை. “படம் நல்லா வந்திருக்கு, டாக்டர் பாப்பாரு” என்று மட்டும் சொல்லலாம். கம்ப்யூட்டர் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி ஒட்டியிருந்தார். படத்தைப் பார்த்த பிறகு கண்ணாடியைப் பார்க்க வேண்டும். முகம் சரியாக இருந்தால்தான், கதிர் படாமல் நாங்கள் நிற்கும் தடுப்பைத் தாண்டி அந்தப் பெண்ணிடம் போக வேண்டும். எனக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு கண்ணாடி இல்லாமல் போக முடியாது என்று ஆனது.

பாக்கியம் அக்கா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு தொழிற்சாலை கண்டீனில் சமையல். அவருடைய அக்கா மார்பகப் புற்றுநோய் வந்து இறந்திருந்தார். துணைக்கு நாத்தனார் லெட்சுமி வந்திருந்தார். வாசலிலேயே லெட்சுமி, நர்ஸைக் கூப்பிடுவதுபோல் என்னை மிஸ்ஸி என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “மிஸ்ஸி, அண்ணிக்கு பயம்லா. காலையில தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டுத்தான் வாரோம்.”

“எனக்கு என்னா பயம்? நீதான் வழியெல்லாம் பெனாத்திக்கிட்டு வந்த” என்றார் பாக்கியம் அக்கா.

எங்களிடம் வருகிற பெண்களிடம் பவுடர் போடாதீர்கள், வாசனை ஸ்ப்ரே அடிக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லி அனுப்புவோம். பவுடர் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். கெட்ட கட்டி ஆரம்பிக்கும்போதும் சில நேரம் அதே மாதிரி உப்புக்கல் போன்ற சுண்ணாம்புப் புள்ளிகள்தான் தெரியும். பாக்கியம் அக்கா பவுடர் போடவில்லை. அவர் கவுனைத் திறந்தபோது மார்பு முழுக்கத் திருநீறு. பூசாரி கொடுத்ததைத் தண்ணீரில் குழைத்து, லெட்சுமி கோயிலிலேயே பூசிவிட்டிருக்கிறார். பவுடர்தானே வேண்டாம் என்றார்கள்! திருநீறு பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

ஈரப் பஞ்சால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே பேசினேன், அது என் வழக்கம். கண்டீனில் இன்று என்ன சமையல் என்று கேட்டேன். “லீவு போட்டுட்டேன், இன்னிக்கு எவளோ ரசத்த கெடுத்திருப்பா” என்றார். இரண்டு பக்கமும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என்று நான்கு படம் எடுத்தேன். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கத்தில் நட்சத்திரம் இறைத்த மாதிரி புள்ளிகள். திருநீறு என்று பார்த்ததுமே தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மறுபடி துடைத்து, இடது பக்கத்தை மறுபடி எடுத்தேன்.

இறைந்து கிடந்தவை போய்விட்டன. வெளிப்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ஒரு சிறு கூட்டம் இருந்தது. முதல் படத்திலும் அது அதே இடத்தில் அதே நெருக்கத்தில் இருந்தது.

மறுபடி கண்ணாடி. முகம் சரியாகத்தான் இருந்தது. வெளியே வந்து மூன்றாவது முறை துடைத்து இன்னொன்று எடுத்தேன். அப்போதும் அந்தக் கூட்டம் அங்கேயே இருந்தது. அந்த இடத்தைப் பெரிதாக்கி எடுக்க, படம் படிக்கும் டாக்டர் சொல்ல வேண்டும். டாக்டர் அன்று காலை வெளியூரில். “தோலில் திருநீறு இருந்தது. துடைத்து மறுபடி எடுக்கப்பட்டது. இடது வெளிப்பக்கம் சில புள்ளிகள் மீதி உள்ளன” என்று குறிப்பு எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலையில் ரிப்போர்ட் வந்தது. எஞ்சிய புள்ளிகள் தோலில் ஒட்டிய திருநீறு. வகை இரண்டு. அடுத்த வருடம் வழக்கம்போல் வரலாம்.

ரோசலின் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார்.

“சோப்பு போட்டியா?”

“இல்லக்கா, ஈரப் பஞ்சுதான்.”

“அப்ப மயிர்க்கால்ல ஒட்டிக்கிச்சுன்னு அவரு சொல்லுவாரு. அவரு சொல்றது சரியாவும் இருக்கலாம்.”

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு டாக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போய் நின்றேன். ரிப்போர்ட் தப்பு என்று ரோசலின் அக்கா சொல்லவில்லை. எங்கள் வேலையில் அதற்கு ஒரு முறை இருந்தது. பழி படத்தின் மேல் போக வேண்டும், படித்தவர் மேல் போகக் கூடாது.

“டாக்டர், எங்க படம் திருப்தியா இல்ல. சரியா சுத்தம் பண்ணாம எடுத்துட்டோம். கூப்பிட்டு மறுபடி எடுக்கவா?”

டாக்டர் கெட்டவர் இல்லை. படத்தைத் திறந்து மறுபடியும் பார்த்தார். “படம் நல்லாத்தான் இருக்கு ரோசலின். இது தோல். போன தடவ பவுடருக்காக ஒருத்தங்கள திரும்பக் கூப்பிட்டோம். அவங்க சாப்பிடாம கெடந்தது ஒங்களுக்கு நெனவு இருக்கா? சாம்பலுக்காக இன்னொருத்தங்கள பயமுறுத்த வேணாம்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னைக் குழப்பியதே அதுதான்.

திரும்பி நடக்கும்போது ரோசலின் அக்கா சொன்னார்: “அந்தம்மாகிட்ட நீ தனியா எதுவும் சொல்லாத. அது நம்ம எடம் இல்ல. ஆனா படத்தோட பிரதி யாரு வேணும்னாலும் வாங்கலாம், வேற டாக்டர்கிட்ட காட்டலாம். இது எல்லாருக்கும் உள்ள உரிமை. இன்னிலேருந்து ரிப்போர்ட் வாங்க வர்ற ஒவ்வொருத்தங்ககிட்டயும் இதச் சொல்லு. எல்லாருக்கும் சொன்னா அவங்களுக்கும் சொன்ன மாதிரிதான்.”

அன்று காலையிலிருந்தே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு சீனப் பாட்டிக்குச் சொன்னேன், ஒரு மலாய் ஆசிரியைக்குச் சொன்னேன். மாலையில் பாக்கியம் அக்காவும் லெட்சுமியும் வந்தார்கள். டாக்டர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பினார். வெளியே வரும்போது லெட்சுமி கும்பிட்டபடியே வந்தார். “நான் சொல்லல? எல்லாம் மாரியாத்தா பாத்துக்கிட்டா! அந்தப் புள்ளிகூட துன்னூறுதானாம்லா.”

நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். “படத்தோட பிரதி வேணும்னா சீடில வாங்கிக்கலாம்க்கா. வேற டாக்டர்கிட்டயும் காட்டிக்கலாம். எல்லாருக்கும் சொல்றதுதான்.”

“அதான் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே மிஸ்ஸி” என்றார் லெட்சுமி. “இன்னொரு டாக்டர்கிட்ட போனா இவரு கோவிச்சுக்க மாட்டாரா? நாளைக்கு ஒன்னுன்னா இவருகிட்டத்தானே வரணும்?”

பாக்கியம் அக்கா பையைத் திறந்தார். “குடு தங்கச்சி அந்த சீடிய. வூட்ல சும்மா கெடக்கட்டும்.”

அதற்குப் பிறகு பல மாதம் அவரைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு மதிய வேளை ரோசலின் அக்கா என்னை வரவேற்பறைக்குக் கூப்பிட்டார். பாக்கியம் அக்கா மெலிந்து, கையில் ஒரு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். டப்பாவில் இட்லிப் பொடி. சீடியை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள். புள்ளிகள் அங்கேயே இருந்திருக்கின்றன. ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்ததில் ஆரம்ப நிலைப் புற்றுநோய், பால் குழாய்க்குள்ளேயே இருந்தது, வெளியே பரவவில்லை. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது.

நான் மெதுவாகக் கேட்டேன். “நான் எல்லார்கிட்டயும் சொல்றதத்தானேக்கா ஒங்ககிட்டயும் சொன்னேன். நீங்க எப்படி போனீங்க?”

“நீ சொன்னதுக்காகப் போகலயே.”

“என் மொகத்துல ஏதாவது தெரிஞ்சுதா?”

“மொகத்த யாருலா பாத்தா?” சிரித்தார். “மொத தடவ தொடைக்கும்போது ரசம் கொழம்புன்னு வாய் ஓயாம பேசுன. ரெண்டாவது தடவையும் பேசுன. மூனாவது தடவ தொடைக்கும்போது ஒரு வார்த்த பேசல. நான் அன்னாடம் நூறு பேருக்கு சோறு போடுறவ தங்கச்சி. எப்ப ஒருத்தன் பேசாம சாப்பிடுறானோ அப்பதான் கொழம்புல கொற இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

ரோசலின் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடி ஒட்டியவர் அவர்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருக்குக் கடிதம் வந்திருந்தது. அவராகவே எங்கள் அறைக்கு வந்து பழைய படத்தைப் போடச் சொல்லி, நின்றபடியே பார்த்தார். “நான் கூப்பிடச் சொல்லியிருக்கணும்” என்றார். மறு வாரமே முறை மாறியது. திருநீறோ பவுடரோ இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே படம். அப்படியும் புள்ளி மிஞ்சினால் அன்றே பெரிதாக்கி எடுப்பது. கழுவச் சொன்னால் பெண்கள் தயங்கினார்கள். ரோசலின் அக்கா, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஈப்போவின் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு பொட்டலம் திருநீறு வாங்கி வந்து இழுப்பறையில் வைத்தார். படம் முடிந்ததும் அவரே நீட்டுவார். “கழுவச் சொன்னது நாங்க. திருப்பிப் பூசிக்கிட்டுப் போங்க.”

அதன் பிறகு நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். புதிதாக வரும் பெண்களுக்குக் கண்ணாடியோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொடுத்தேன்: என்ன பார்த்தாலும் பேச்சை நிறுத்தாதே. முதல் படத்துக்கு எந்த வேகத்தில் பேசினாயோ, கடைசிப் படத்துக்கும் அதே வேகம். சமையலைப் பற்றிக் கேட்டால் கடைசிவரை சமையல். ஒரு பெண் வீட்டுக்குப் போய்ப் பல நாள் பயந்து கிடக்க என் மௌனம் காரணமாகக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் பாக்கியம் அக்காவை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் என் மௌனம்தான். நல்லது செய்த ஒன்றை எல்லோருக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டேனா? வேலையில் இருந்தவரை இதை யாரிடமும் கேட்டதில்லை.

இன்னொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்து எப்போது கேட்கலாம் என்று தர்ஷினி என்னிடம் தனியாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கையில் கட்டி தட்டுப்படுகிறது, படத்தில் எதுவும் இல்லை என்கிறார்கள் என்றால் கேட்கலாம். இளம் வயதில் மார்பகம் அடர்த்தியாக இருக்கும், படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. டாக்டர் வாயால் சொன்னதும் ரிப்போர்ட்டில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் கேட்கலாம். அறுவை சிகிச்சை என்று சொல்லும்போது கேட்கலாம். கேட்கிறபோது படத்தையே எடுத்துக்கொண்டு போக வேண்டும், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பழைய படம் இருந்தால் அதையும். பெரும்பாலும் இரண்டாவது டாக்டரும் முதல் டாக்டர் சொன்னதையே சொல்வார். அதுவும் ஒரு பதில்தான். கேட்பதால் முதல் டாக்டர் கோபப்பட மாட்டார், நல்ல டாக்டர்கள் கோபப்படுவதில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வந்தவர்களை ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது தவறில்லை. நானே பலருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். என் டாக்டர் போனில் கூப்பிட்டு நிதானமாக விளக்கினார், ஸ்கேனிலும் பயப்படும்படி எதுவும் தெரியவில்லை என்றார். கணவர் சுரேஷ் சொல்கிறார்: “காத்திருக்கறதுன்னா காத்திரு. காட்டுறதுன்னா காட்டு. ரெண்டுல ஒன்னு செய்லா. மூனு நாளா கொழம்புல உப்பு இல்ல.” ரோசலின் அக்காவுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று சித்தியவானில் இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ பேஷன்ட்டா கேக்கறியா, ஸ்டாஃபா கேக்கறியா?” என்றார். “அத முடிவு பண்ணிட்டு திரும்பக் கூப்பிடு” என்று வைத்துவிட்டார்.

அந்த நாளை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தர்ஷினி என்னை நிறுத்தி, தட்டு குளிரும் என்று சொன்னாள். மகன் பாலர் பள்ளிக்குப் போகிறானா என்று கேட்டாள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் தடுப்புக்குப் பின்னால் போய் வந்தாள், ஒவ்வொரு முறையும் மகனைப் பற்றியே பேசினாள். இடது பக்கம் இன்னொரு படம் எடுத்தாள். அப்போதும் அதே குரல், அதே வேகம், அழுகையை நிறுத்திவிட்டானா அக்கா, மத்தியானம் தூங்குகிறானா என்று. சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் குறையாமல் செய்தாள். நான் கவுனைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் படத்தில் என்ன பார்த்தாள் என்று எனக்கு எதுவுமே தெரியவில்லை.

நாளை காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட பிறகு என் பழைய நிலையத்தின் கவுண்டருக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் என் ஆட்கள். பிரதி கேட்டால் தருவார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள், டாக்டர் காதுக்கும் போகும். நான் எத்தனையோ பேரிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்கென்று வரும்போது வாயில் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் மூன்று என்று ரிசல்ட் வந்தவர்கள் இருப்பீர்கள். ஆறு மாதம் காத்திருந்தீர்களா, இன்னொரு டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டியிருந்தால், முதல் டாக்டரிடம் அதை எப்படிச் சொன்னீர்கள்? படம் எடுத்த பெண் உங்களிடம் பேசிக்கொண்டே இருந்தாளா? பேசாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று உங்களுக்கும் தோன்றியதா? தயவுசெய்து எழுதுங்கள். தர்ஷினியும் படிப்பாள்.